மறைக்காட்டுச் சதுப்பில் மூன்று நாள்

திருமுல்கேரியில் வாழும் நமக்குச் சதுப்பு நிலம் என்றவுடன் நினைவுக்கு வருவன கொசுவும் குளிர்காய்ச்சலுமே. அதில் வியப்பில்லை. மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் 1897-ஆம் ஆண்டில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது நம் செகந்திராபாத்தில் அன்றோ! ஆயினும் சதுப்பு என்பது வெறும் சேறு அன்று. அது கடலுக்கும் ஊருக்கும் இடையே நிற்கும் காவல் என்பதைச் சென்ற மாசி மாதத்தில் வேதாரணியம் பகுதியில் கால்நடையாகச் சுற்றியபோது நாங்கள் கண்டோம். அதனை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

சார்மினார் விரைவு வண்டியில் சென்னை சேர்ந்து, அங்கிருந்து திருத்துறைப்பூண்டி சென்றோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர். முன்னாளில் இங்கு ஓடிய மீட்டர்கேஜ் வண்டி கோடியக்கரை வரையிலும் சென்றதுண்டு. பல ஆண்டுகள் வண்டியின்றிக் கிடந்த இப்பாதை அகலப்பாதையாக்கப்பட்டு, அகத்தியம்பள்ளி வரை 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. ரயில்வேயில் எழுத்தர் பணி பார்க்கும் எங்களுக்கு, மூடிய பாதை ஒன்று மீண்டும் உயிர் பெற்றதைக் காண்பதே ஒரு திருவிழா.

வேதாரணியத்தின் பழம்பெயர் திருமறைக்காடு. அடைத்த கதவை அப்பர் பாடித் திறந்ததும் சம்பந்தர் பாடி அடைத்ததும் இத்தலத்தில்தான் என்பது வரலாறு. கோயிலில் வழிபட்ட பின் அகத்தியம்பள்ளி உப்பளங்களுக்கு நடந்தோம். கண்ணெட்டும் தூரம் வரை பாத்தி பாத்தியாக நீர். கடல்நீரை ஒரு பாத்தியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வெயிலில் சுண்ட விடுகின்றனர். இறுதிப் பாத்தியில் உப்புப் பூக்கிறது. விடியுமுன் களத்தில் இறங்கி, வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கப் பார்க்கின்றனர் தொழிலாளர். உப்பு நீரில் ஊறி வெடித்த அவர்களுடைய பாதங்களைக் கண்ட பிறகு, இலையில் உப்பை வீணே ஒதுக்க மனம் வராது.

இவ்வுப்பை நாடியே 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டருடன் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். அவர்களுக்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு மறைந்தனர் என்பர். 28-ஆம் நாள் வேதாரணியம் அடைந்த தொண்டர்களை வேதரத்தினம் பிள்ளை வரவேற்று ஆதரித்தார். 30-ஆம் நாள் உப்பெடுத்த இராஜாஜி கைதானார். அதன் நினைவுத் தூண் அகத்தியம்பள்ளியில் நிற்கிறது.

மறுநாள் கோடியக்கரை. வேதாரணியத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடும் முனை இது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தோர் பூங்குழலியை நினையாமல் இங்கு நடக்க இயலாது. அக்கதையில் வரும் குழகர் கோயில் இன்றும் உள்ளது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என வழங்கிய செங்கற் கட்டடமோ 2004 ஆழிப்பேரலையில் சிதைந்து போயிற்று. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டினுள், வனத்துறையின் அனுமதி பெற்று நடந்தோம். முறுக்கிய கொம்புடைய கருநிற ஆண் வெளிமான்களும் அவற்றைச் சுற்றிப் பழுப்பு நிறப் பெண்மான்களும் புல்வெளியில் மேய்ந்தன. ஆயின் அப்புல்வெளியைச் சீமைக்கருவேலம் சிறிது சிறிதாக விழுங்கி வருகிறது. கழியோரத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடிகட்டி இரை தேடிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்பவானோடையிலிருந்து படகில் அலையாத்திக் காட்டுக்குச் சென்றோம். அலையை ஆற்றுவதால் அலையாத்தி; எத்துணைப் பொருத்தமான பெயர்! சேற்றிலிருந்து விரல்களைப்போல் வேர்கள் மேல்நோக்கி நீட்டிக் கொண்டிருந்தன. “அப்பா, இந்த மரம் ஏன் தலைகீழாய் வளருது?” என்று எங்கள் மகள் கேட்டாள். சேற்றினுள் காற்று இல்லை; ஆதலால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது என்றார் படகோட்டி. ஆழிப்பேரலையின்போது, தமிழகக் கரையில் இத்தகைய காடுகளுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைப் பின்னர் ஆராய்ந்தோர் எடுத்துக் காட்டினர்.

எனினும் 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலின் முன் அலையாத்தியும் முறிந்தது. எங்கள் பெரியப்பாவின் தென்னந்தோப்பு ஓரிரவில் சாய்ந்தது. தோப்பை விற்றுவிட்டு எங்களோடு திருமுல்கேரிக்கு வந்துவிடுமாறு அப்போது பலமுறை அழைத்தோம், அவர் இணங்கவில்லை. புதிய கன்றுகளை நட்டார். இப்போது அவை காய்க்கத் தொடங்கியுள்ளன. எங்கள் மகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவாறே அவர் சொன்னார்: “பெத்த பிள்ளைங்கதான் ஆளுக்கொரு ஊராப் போயிட்டீங்க. இந்தத் தென்னம்பிள்ளையாவது கூட இருக்கட்டுமேன்னு வச்சேன் தம்பி.” எங்களால் மறுமொழி கூற முடியவில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டோர் எவரும் அதற்கு என்ன மறுமொழி கூற முடியும்?

அன்பர்களே, 2020 அக்டோபரில் பெய்த பெருமழையில் நம் ஹைதராபாத்தின் ஏரியோரக் குடியிருப்புகள் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். நீர் தங்கும் இடத்தை வீண் நிலம் என எண்ணித் தூர்த்தால், நீர் நம் வீட்டைத் தேடி வரும். இதனை நம் குழந்தைகள் ஏட்டில் படிப்பதைவிடச் சேற்றில் நின்று அறிவது நன்று. ஆண்டு விடுமுறையில் ஊர் செல்லும் குடும்பத்தினர் திருமணத்தோடும் கோயிலோடும் நின்றுவிடாமல், மூன்று நாளை இதற்கென ஒதுக்குங்கள். பறவைகளைக் காண மார்கழி முதல் மாசி வரை ஏற்ற காலம். குடிநீரும் தலைக்குத் துணியும் மறவாதீர். ஊரில் முதியோர் இருப்பின், நடக்கும்போது அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; அந்நிலத்தின் பெயர்களையெல்லாம் அறிந்தவர்கள் அவர்களே.