தொலைபேசி யார் கையில் இருந்தது?

2020 மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு போட்டபோது அம்பாறையில் சில வட்டைகளில் பெரும்போக அறுவடை முடிந்திருக்கவில்லை. வயல் வேலைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் வெளியூரிலிருந்து ஆய்வுக்கு வர இருந்தவர்களால் வர முடியவில்லை.

எங்கட வட்டையில் தண்ணீர்ப் பங்கீடு பற்றி விவசாயிகளோடு சேர்ந்து ஒரு பங்கேற்பு ஆய்வு செய்வதாக இருந்தது. நிலத்தில் கோடு கீறி வாய்க்கால் வரைந்து, நெல்மணியை வைத்துக் கணக்குக் காட்டி, சுற்றியிருந்து பேசுகிற முறை. அது நின்றதும் நாற்பது கேள்விகளோடு ஒரு படிவம் வந்தது. தொலைபேசியில் கேட்டு நிரப்ப வேண்டும். ஊர்க்காரன், ஆசிரியர் என்பதால் எனக்கும் ஒரு பட்டியல் தந்தார்கள்.

பட்டியலில் இருந்த இலக்கங்கள் எல்லாம் ஆண்களுடையவை. அழைத்தால் காக்கா பேசுவார். பின்னால் ராத்தா ஏதோ சொல்வது கேட்கும். "சும்மா இரி" என்பார், அத்தோடு சரி. வாய்க்காலின் கடைசியில் வயல் செய்பவர்களுக்கு சிக்னலே கிடைக்கவில்லை.

வெளியிலிருந்து கிராமத்துக்கு வருபவர்கள் தார் வீதியோரத்தோடு நின்று, ஆண்களையும் வசதியானவர்களையும் மட்டும் சந்தித்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று ராபர்ட் சேம்பர்ஸ் 1983இலேயே எழுதினார். கொரோனா காலத்தில் அந்தத் தார் வீதி சிக்னல்தான்.

ஆய்வாளர்களோடு பேசி முறையை மாற்றினோம். ஊரிலேயே இரண்டு இளைஞர்களும் இரண்டு பெண்களும் கேட்கும் பொறுப்பை எடுத்தார்கள். பெண்கள் அயல் வீட்டு வேலியடியில், இடைவெளி விட்டு நின்று கதைத்தார்கள். படிவத்தை ஒதுக்கிவிட்டு ஒரே கேள்வி: "இந்தப் போகம் உங்களுக்கு எது கஷ்டம்?" பதிலைக் குரல் பதிவாக எடுத்தோம். வாய்க்காலைப் பிள்ளைகளின் கொப்பியில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பினார்கள். வட்ஸ்அப் குழு தொடங்கவில்லை. வட்டை விதானையாரும் இருக்கிற குழுவில் தண்ணீர் பற்றி யார் வாய் திறப்பார்? தனித்தனியாகவே வாங்கினோம், எழுதி முடித்ததும் பதிவை அழித்தோம். ரீலோட் செலவு விவசாயியின் தலையில் விழக்கூடாது என்றோம், ஆய்வுப் பணத்திலிருந்து கொடுத்தார்கள்.

அப்போதுதான் நாற்பது கேள்விகளிலும் இல்லாத ஒரு விடயம் வந்தது. கணவனை இழந்த ஒரு உம்மா சொன்னார்: "வெட்டு மெசின் வந்ததில இருந்து கதிர் பொறுக்க ஒண்டும் மிஞ்சிறல்ல மகன். முன்ன அதிலதான் மாசக்கணக்கா சோறு திண்ட." கடைசியில் கேட்டார்: "வயல் இல்லாதவங்களையும் எழுதுவீங்களா?"

விவசாயிகள் பட்டியலில் அவரது பெயர் இல்லை. வயலை நம்பி வாழ்ந்தவர், ஆனால் வயல் சொந்தமில்லை.

ஆய்வு முடிவைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதிக் கமநல சேவை நிலையச் சுவரில் ஒட்டக் கேட்டோம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த நான்கு பேரும் வாசித்துக் காட்டினார்கள். தங்கள் சொல் தங்களிடமே திரும்பி வந்ததைப் பலர் முதல் தடவையாகக் கண்டார்கள்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அதைத் தளர்த்த வேண்டி வந்தது. விவசாயியைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதை அந்தப் பெரும்போகத்தில் நாடே பார்த்தது. கேட்பதாகச் சொல்லிக்கொண்டு தொலைபேசி வைத்திருப்பவரை மட்டும் கேட்பதும் அதே வழியில்தான் போய் முடியும்.

பெருந்தொற்று போய்விட்டது. தொலைபேசி ஆய்வு போகவில்லை, செலவு குறைவு என்பதால் இன்னும் கூடியிருக்கிறது. உங்கள் ஊருக்கும் அப்படி ஒரு படிவம் வந்தால், நிரப்புவதற்கு முன் பட்டியலில் யார் இல்லை என்று ஒரு தடவை பாருங்கள். அடுத்த போகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அழைப்புக் கொடுக்கும் விதானைமாரிடமும் இதையே கேட்கிறேன். கதிர் பொறுக்குகிறவர்களுக்கும் ஒரு அழைப்புப் போகட்டும்.