வண்டிக்கேற்ற எண்ணெய்

எண்ணெயைப் பற்றி நம் இல்லத்துப் பெண்மணிகளுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆணத்துக்கு எது, பொரிப்பதற்கு எது, தலைக்கு எது, பச்சிளங் குழந்தைக்குத் தேய்த்துவிட எது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. விலை கூடியது என்பதற்காக ஒரே எண்ணெயை எல்லாவற்றுக்கும் ஊற்றுகிற பெண்ணை நாம் கண்டதில்லை. ஆனால் அதே இல்லத்தின் ஆண்களாகிய நாம், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் வாங்கப் போனால் கேட்பவை இரண்டே கேள்விகள்: என்ன விலை? நல்லதுதானா? இவ்விரண்டு கேள்விகளோடு நின்றுவிட்டதால் நாம் பட்ட பாட்டையும், ஒரு நேர்மையான தொழிலாளிக்கு இழைத்த அநீதியையும் இங்கே எழுதுகிறோம்.

பல்லாவரத்தில் நம் அத்தா ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதி வந்தார்கள். நாகல்கேணிப் பக்கத்துப் பதனிடும் தொட்டிகளுக்கும் மண்டிக்குமாக நாள்தோறும் அலைய வேண்டிய வேலை. அதற்கென 1976 இல் பழையதாக ஒரு புல்லட் வாங்கினார்கள். திருவொற்றியூரில் செய்யப்பட்ட வண்டி. 1955 இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதிலிருந்து, சென்னைவாசிகளுக்கு அது ஊர்ப்பிள்ளை போன்ற வண்டிதான்.

அந்தப் பழைய புல்லட்டின் வயிற்றுக்குள் மூன்று அறைகள் உண்டு. எஞ்சினுக்கு ஓர் எண்ணெய். முதல் சங்கிலியும் கிளட்சும் சுழலும் இடப்புற அறைக்குத் தனியே எண்ணெய். கியர் பெட்டிக்கு வேறொரு கெட்டியான எண்ணெய். பெருநாளுக்கு முந்திய வாரம் அத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இம்மூன்றையும் தாமே மாற்றுவார்கள். பழைய எண்ணெயைத் தட்டில் வடித்து, விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, புதியதை ஊற்றி, ஓடிய மைல் கணக்கை ஒரு சிறு நோட்டில் குறிப்பார்கள். பக்கத்தில் குந்தியிருந்து டப்பாவைப் பிடித்துக்கொள்வது நம் வேலை. இதனாலேயே, எண்ணெய் விஷயத்தில் நமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு பின்னாளில் நம்மிடம் ஊறிவிட்டது. டப்பாக்கள்தாம் நம் நினைவில் தங்கின. எண்ணெயை ஊற்றுமுன் ஒவ்வொரு முறையும் கம்பெனி கொடுத்த புத்தகத்தை அத்தா புரட்டிப் பார்த்ததை நாம் மறந்துபோனோம்.

2013 இல் நாம் வாங்கியது 150 சி.சி. வண்டி. 2016 இல் ஆம்பூரிலிருந்து வந்த மச்சான், தம் காருக்காக வாங்கிய 4 லிட்டர் எண்ணெய் டப்பா ஒன்றைப் பிரிக்காமலே நம்மிடம் தந்தார். அவர் காரை விற்றுவிட்டிருந்தார். முழுச் செயற்கை எண்ணெய், 5 டபிள்யூ 30, விலையோ நாம் வழக்கமாக வாங்குவதைப் போல் இரு மடங்கு. அன்பளிப்பை வீணாக்குவானேன் என்று வழக்கமான மெக்கானிக்கிடம் எடுத்துச் சென்றோம். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாய், இது கார் எண்ணெய். இந்த வண்டிக்கு வேண்டாம்.”

“தம்பி, இதன் விலை தெரியுமா?” என்று சிரித்தோம். அதற்குமேல் அவர் பேசவில்லை. ஊற்றினார்.

மூன்றாம் வாரம் மகளுக்கு வடபழனியில் தேர்வு. அவளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் சென்று கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஏறினோம். முறுக்க முறுக்க எஞ்சின் அலறியது. வண்டியோ நகர மறுத்தது. கருகிய வாடை வேறு. பின்னால் பேருந்துகள் ஒலியெழுப்ப, பாலத்தின் ஓரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றோம். “அத்தா, நேரமாச்சு” என்று அவள் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். தேர்வு தொடங்கி இருபது நிமிடம் கழித்தே போய்ச் சேர்ந்தாள்.

அன்று மாலையே மெக்கானிக்கின் பட்டறைக்குச் சென்று, நாலு பேர் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டோம். கிளட்சைக் கழற்றிக் கெடுத்துவிட்டதாகச் சொன்னோம். கொடுக்க வேண்டியிருந்த 300 ரூபாயையும் கொடாமல் வந்தோம். அவர் கிளட்சைத் தொடவே இல்லை என்பது நமக்கே தெரியும். கோபத்துக்கு அது தெரியவில்லை.

வேறொரு பட்டறையில் கிளட்ச் தகடுகளைப் புதிதாக மாற்றினோம். எண்ணெயும் மாற்ற வேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்த மச்சானின் டப்பாவையே மறுபடி கொடுத்தோம். இரண்டு வாரத்தில் பழைய கதை. அப்போதுதான் மகன், வண்டியோடு வந்து பீரோவில் கிடந்த புத்தகத்தை எடுத்து விரித்தான். அதில் ஒரே வரி: 20 டபிள்யூ 50, ஏ.பி.ஐ. எஸ்.எல்., ஜாசோ எம்.ஏ.

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள நமக்கு ஓர் இரவு பிடித்தது. எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 1911 முதல் எண்ணெயின் கெட்டித்தன்மையை எண்களால் வகுத்து வருகிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. பின்னுள்ளது, 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. கத்திரி வெயிலில் குரோம்பேட்டைக்கும் விமான நிலையத்துக்கும் இடையே ஊர்ந்து செல்லும், காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினுக்கு இந்தப் பின்னெண்தான் முக்கியம். அதற்காக எல்லா வண்டிக்கும் கெட்டியான எண்ணெயே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. இன்று பல வண்டிகளின் புத்தகங்கள் 10 டபிள்யூ 30 என்றே சொல்கின்றன. அவற்றின் நுண்ணிய வழிகளில் கெட்டியான எண்ணெய் தயங்கித்தான் ஓடும், பெட்ரோலும் வீணாகும்.

நம்மைக் கவிழ்த்தது எண்களல்ல, கடைசியிலுள்ள இரண்டு எழுத்துகள். காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியருக்கு வேறு எண்ணெய். கிளட்ச் பெரும்பாலும் எண்ணெய் படாமல் உலர்ந்தே இருக்கும். நம் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் அத்தாவின் மூன்று அறைகளும் ஒன்றாகிவிட்டன. ஒரே எண்ணெய் எஞ்சினையும் வழவழப்பாக்க வேண்டும், கியர்ப் பற்களையும் காக்க வேண்டும், கிளட்ச் தகடுகளையும் நனைக்க வேண்டும். அத்தகடுகளோ ஒன்றையொன்று உராய்ந்து பற்றினால்தான் சக்கரம் சுழலும். பெட்ரோல் சிக்கனத்துக்காகக் கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சரக்குகளைச் சேர்க்கத் தொடங்கியபோது, மோட்டார் சைக்கிள்களின் கிளட்ச் வழுக்கலாயிற்று. ஜப்பானியர் 1998 இல் ஜாசோ என்னும் தரத்தை வகுத்தது இதனால்தான். எம்.ஏ. என்றால் கிளட்ச் பற்றும். எம்.பி. என்றால் உராய்வு குறைவு. உலர்ந்த கிளட்ச் கொண்ட கியரில்லா ஸ்கூட்டர்களுக்கே அது பொருந்தும். ஆகவே ஒரே வீட்டில் மகனின் பைக்குக்கும் மருமகளின் ஸ்கூட்டருக்கும் ஒரே டப்பா ஆகாது. செயற்கை எண்ணெய் என்பதில் குற்றமில்லை; டப்பாவின் முதுகில் எம்.ஏ. இருந்தால் அதுவும் ஏற்றதே. மச்சானின் டப்பாவில் அது இல்லை. மெக்கானிக் திருப்பித் திருப்பித் தேடியது அதைத்தான்.

எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று பதறுவோரும் உண்டு. அழுக்கைத் தன்னோடு சுமப்பது அதன் வேலை. மாற்றும் கணக்கைப் புத்தகம் சொல்லும். காலி டப்பாவைத் துளையிட்டுக் கழித்துவிடுவது நல்லது. இல்லையேல் அதிலேயே போலி எண்ணெய் திரும்பி வரும். கழிவெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவோருக்கு, அது போய்ச் சேருவது ஏரி என்பது தெரியாததல்ல.

அடுத்த வெள்ளியன்று ஜும்ஆ தொழுதுவிட்டு, பல்லாவரம் சந்தையின் நெரிசலைக் கடந்து அந்தப் பழைய பட்டறைக்குப் போனோம். அவரை நாலு பேர் முன்னிலையில் பேசினோமல்லவா, அதே போல நாலு பேர் இருக்கும்வரை காத்திருந்து, தவறு நம்முடையது என்றோம். அவர் பதில் ஏதும் கூறவில்லை. நீட்டிய 300 ரூபாயை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு வண்டியைத் தள்ளிச்சென்று எண்ணெயை வடித்தார். சரியான எண்ணெயை ஊற்றிச் சில மைல் ஓட்டி, அதையும் வடித்து, மீண்டும் புதிதாக ஊற்றினார். கிளட்ச் பற்றியது.

“டப்பாவில் மீதி எவ்வளவு பாய்?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு லிட்டர் இருந்தது. வாசல் கேட்டின் கீலுக்கும் தையல் இயந்திரத்தின் மிதிக்கும் விட்டு வருகிறோம், இன்னும் தீரவில்லை.