கோயில் தொண்டர்கள் காடி ரேசுக்குப் போறாங்களாமே?



போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு சுண்டல் கொடுக்கும்போது மூணு பேர் இந்தக் கேள்விய எங்ககிட்ட கேட்டுட்டாங்க. ஒரு பாட்டி சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க, மத்த ரெண்டு பேரு சிரிக்கல. வாட்ஸ்அப் குழுவில வேற படம் சுத்துதாம். அதனால விவரமா எழுதிடுறோம்.

ஆமா, போனோம். ஆனா ரோட்டுல போற ரேசு இல்ல. இதுக்குப் பேரு ஆட்டோகிராஸ். பெரிய கார் பார்க்குல ஆரஞ்சு கோன்களை அடுக்கி வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை போடுவாங்க. ஒரு நேரத்துல ஒரே காடிதான் ஓடும். பக்கத்துல போட்டிக்கு யாரும் இல்ல, எதிர்ல வண்டி வராது, மோதறதுக்குக் கோன் மட்டும்தான். ஒரு ஓட்டம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. பெரும்பாலும் ரெண்டாவது கியர்தான், வேகம் அறுபது எழுபதுக்குள்ள. கோன் விழுந்தா நேரத்துல ரெண்டு விநாடி கூட்டிடுவாங்க. அமெரிக்காவுலயும் இதே ரெண்டு விநாடிதான் கணக்கு. பாதை தவறிட்டா அந்த ஓட்டமே செல்லாது.

எந்தக் காடின்னு கேட்டீங்கன்னா, நீங்க எல்லாரும் பார்த்ததுதான். அன்னதானக் குழுவோட அந்த புரோட்டோன் இன்ஸ்பிரா. 1.8, அஞ்சு கியர் மேனுவல். 2010-ல வந்தப்ப இதை ஸ்போர்ட்ஸ் செடான்னுதான் சொன்னாங்க, மிட்சுபிஷி லான்சரோட உடன்பிறப்பு. வார நாள்ல வேலைக்குப் போகும், சனிக்கிழமை அரிசி மூட்டை தூக்கும், ஞாயிறு காலையில பூ, வாழையிலை. பின்னாடி பூட்டைத் திறந்தா சாம்பார்த் தூள் வாசம் வரும், எத்தனை தடவ கழுவினாலும் போகாது. என்ஜின்ல ஒரு மாற்றமும் கிடையாது, ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங். டயர் மட்டும் போன வருஷம் மாத்தினது, அதுவும் பழசு தேஞ்சதால.

ஓடறதுக்கு முன்னாடி பரிசோதனை உண்டு. உள்ள தளர்ந்த சாமான் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு தேங்காய், ரெண்டு குடை, எண்ணெய் போத்தல், யாரோ விட்டுட்டுப் போன செருப்பு எல்லாம் வெளிய வந்துச்சு. பரிசோதிச்சவரு ஒரு மலாய்க்கார அண்ணன். டேஷ்போர்டு பிள்ளையாரைப் பார்த்து, இது ஒட்டியிருக்கா கழண்டிருக்கான்னு மரியாதையா கேட்டாரு. நாங்களே தள்ளிக் காட்டினோம். அசையல. சரி, இவர் இருக்கலாம்னு சொல்லிட்டாரு.

இப்ப ஏன் போனோம்கிற விஷயம்.

நம்ம கோயில்ல தண்ணீர்ப் பந்தல்ல நிக்கிற ஒரு தம்பி. வயசு இருபது. அவன் சம்மதத்தோடதான் எழுதறோம், பேரு வேணாம். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல கூட்டாளிங்களோட நெடுஞ்சாலையில ஓட்டப் போயிடுவான். அவங்க அம்மா தைப்பூசத்துக்கு முந்தின வாரம் எங்ககிட்ட வந்து, "அண்ணே, அவன் வர்ற வரைக்கும் விளக்க அணைக்காம உக்காந்திருக்கேன், நீங்க சொன்னா கேப்பான்"னு அழுதாங்க. நாங்க சொன்னோம். தலையாட்டிட்டு மறுபடி போனான். அந்த வயசுல புத்தி சொல்லி நின்னவங்க யாரு? 110 வேக எல்லையில 160 போனா விநாடிக்கு 44 மீட்டர் ஓடும்னு கணக்குப் போட்டுக் காட்டினோம். 80-ல பிரேக் பிடிச்சு நிக்கிற தூரத்துக்கு 160-ல நாலு மடங்கு வேணும்னும் சொன்னோம். கேட்டுக்கிட்டான், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம்தான் வா, எங்க இன்ஸ்பிராவ எடு, நீயும் ஓட்டு நாங்களும் ஓட்டறோம், நேரத்தப் பார்ப்போம்னு கூப்பிட்டோம். ஒரே காடிய ரெண்டு மூணு பேர் மாறி மாறி ஓட்டலாம், அதுக்கு அனுமதி உண்டு.

காலையில முதல் வேலை பாதைய நடந்து பார்க்கிறது. நாங்க மூணு சுற்று நடந்தோம், கோயில வலம் வர்ற மாதிரியே மெதுவா. படுத்திருக்கிற கோன் எந்தப் பக்கம் திரும்பணும்னு காட்டும், நிக்கிற கோன் தொடக்கூடாதது. ஒவ்வொண்ணு அடியிலயும் சுண்ணக்கட்டியில கட்டம் போட்டிருப்பாங்க, கட்டத்த விட்டு வெளிய போனா தண்டனை. தம்பி ஒரு சுற்று நடந்துட்டு போன பார்த்துக்கிட்டு நின்னான்.

முதல் ஓட்டத்துல அவன் டயர் அலறுச்சு. புகை. பார்க்கிறவங்க கைதட்டினாங்க. 52.4 விநாடி, மூணு கோன், ஆக 58.4. எங்க ஓட்டத்துல சத்தமே இல்ல. வளைவுக்கு முன்னாடியே நேரா பிரேக், அப்புறம் திருப்பறது, வெளிய வரும்போது மெல்ல எண்ணெய். 49.8, கோன் விழல. அவன் கடிகாரப் பலகைய ரெண்டு தடவ பார்த்தான்.

டயரோட பிடி அன்னதானத்துல ஒரு பானை சோறு மாதிரி. பிரேக்குக்கும் அதுல இருந்துதான், திருப்பறதுக்கும் அதுல இருந்துதான். மொத்தத்தையும் பிரேக்குக்கே அள்ளிட்டா திருப்பறதுக்கு என்ன மிஞ்சும்? ஸ்டியரிங் எவ்வளவு ஒடிச்சாலும் முன்டயர் நேராத்தான் வழுக்கும். இத நாங்க வாயால சொன்னப்ப அவனுக்கு ஏறல. நாற்பது வேகத்துல கோன்மேல நேரா போய் ஏறினப்ப ஏறுச்சு. ரோட்டுல அந்தக் கோன் இருந்த இடத்துல மோட்டார்சைக்கிள்காரர் இருந்திருப்பாருன்னு அவனேதான் சொன்னான். நாங்க வாயத் திறக்கல.

இன்னொரு விஷயம் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. ஓட்டாத நேரத்துல எல்லாரும் வெயில்ல நின்னு விழுந்த கோனை ஓடிப்போய் நிமித்தணும். பெரிய காடி வச்சிருக்கிறவரும் நிக்கணும், நாங்களும் நிக்கணும். தொப்பி, தண்ணி போத்தல், தார் சூடு செருப்பத் தாண்டி ஏறுது. தேர் இழுக்கிற நாள் பழக்கம் இருக்கிறதால எங்களுக்குச் சிரமம் தெரியல.

எல்லாம் நல்லதுன்னு சொல்ல வரல. டயர் தேயும். சாதாரண காப்புறுதி வேகப் போட்டிக்குப் பொருந்தாது, பத்திரத்த எடுத்துப் படிச்சுப் பாருங்க. மோதி உடைஞ்சா நம்ம கைக்காசு. ரோட்டுல அனுமதியில்லாம ரேசு ஓட்டறது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், அது வேற, இது வேற.

தம்பியோட அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறல. "வேகத்துக்கு வேகத்தையே மருந்தா கொடுக்கிறீங்களே அண்ணே"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. எங்களால அடிச்சுப் பதில் சொல்ல முடியல. ரெண்டு மாசமா ராத்திரி வீட்டுல இருக்கான்னு அவங்களே சொல்றாங்க, ஆனா விளக்க இன்னும் அணைக்கல.

வர்ற சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு வாகன பூசை. நாலு டயருக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், ஆனா அதே டயர்ல காற்று 20-க்கு இறங்கிக் கிடக்கிறத நாங்க எத்தனையோ தடவ பார்த்திருக்கோம். அதனால இந்தத் தடவ பூசைத் தட்டோட காற்று அளக்கிற மீட்டரும் இருக்கும். டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரப் பார்த்து, எவ்வளவு இருக்கணும்னு எழுதிக்கிட்டு வாங்க. காசு வேணாம். வந்தவுடனே அளக்கமாட்டோம், பூசை முடியட்டும், டயர் கொஞ்சம் ஆறட்டும். சூடான டயர்ல அளவு கூடத்தான் காட்டும்.

முருகா சரணம்.
அன்னதானக் குழுத் தொண்டர்கள்