ஸபரில் தவக்குலும் தற்காப்பும்

உம்ராவுக்குப் புறப்படும் நம்மவர்கள் இஹ்ராம் துணி முதல் ஸம்ஸம் கொண்டுவரும் கலன் வரை எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். தங்கப்போகும் ஹோட்டலில் நடுநிசியில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் போவது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

உம்ராக் குழுக்களுக்கு வழிகாட்டியாகச் செல்லும்போது, அறையில் பெட்டியை வைத்ததும் நான் செய்யும் முதல் வேலை, அவசர மாடிப்படி வரை எத்தனை கதவுகள் உள்ளன என்று எண்ணுவதுதான். கூட வருவோரையும் எண்ணச் சொல்வேன். ஒரு தடவை மக்காவில், வயதான ஹாஜியார் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அஜல் வந்தால் பாயில் படுத்திருந்தாலும் மவுத்துதானே மௌலவி, கதவை எண்ணி என்ன செய்ய?" என்று கேட்டார்.

ஈமானை வைத்துக் கேட்ட கேள்வி அது. பதிலையும் மார்க்கத்திலிருந்தே சொன்னேன். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனது ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் கலீபா பதிலளித்தார்கள். மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு எரிந்தபோது, நெருப்பு நமக்குப் பகை, உறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். தவக்குலைக் கற்றுத்தந்த நபியவர்களே விளக்கை அணைக்கவும் கற்றுத்தந்தார்கள்.

ஹாஜியாரும் எழுந்து வந்தார். ஒன்பது கதவுகளைக் கடந்து மாடிப்படிக்குச் சென்றால், அதன் கதவு பூட்டிக் கிடந்தது! கீழே சென்று அரபியில் எடுத்துச் சொன்னோம். இஷாவுக்கு முன் திறந்துவிட்டார்கள். அதன்பின் ஹாஜியார்தான் மற்றவர்களை அழைத்துச் சென்று எண்ண வைத்தார்.

எண்ணுவது எதற்காக? புகை சூழ்ந்தால் கண் தெரியாது, கைதான் வழிகாட்ட வேண்டும். 1980 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலில் தீப்பற்றி 85 பேர் இறந்தனர். தீ மூண்டது கீழ்த்தளத்தில். ஆனால் இறந்தவர்களில் அதிகமானோர் மேல் மாடிகளில் இருந்தவர்கள். அவர்களைக் கொன்றது நெருப்பல்ல, புகை. 2025 ஜனவரி 21 அதிகாலையில் துருக்கியின் கார்தல்காயா ஹோட்டல் தீயில் 78 பேர் மாண்டனர்.

எனவே திறப்பு, டோர்ச், செருப்பு மூன்றையும் கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை மணி கேட்டால் சாமான்களைத் தேடாதீர்கள். புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சூடில்லையென்றால் மெதுவாகத் திறந்து, வெளியேறியதும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, உடலைத் தாழ்த்திப் படிக்கட்டுக்குச் செல்லுங்கள். புகை மேலே எழும், தரையருகேதான் சுவாசிக்கக் காற்றிருக்கும். லிப்டில் ஏறவே கூடாது. கதவு சூடாக இருந்தாலோ நடையில் புகை அடர்ந்திருந்தாலோ அறையிலேயே இருங்கள். கதவின் கீழிடுக்கை நனைத்த துவாயால் அடைத்து, ஏசியை நிறுத்தி, போனில் அறை இலக்கத்தைச் சொல்லி, ஜன்னலில் வெள்ளைத் துணியைக் காட்டுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அபாயாவையும் பர்தாவையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துத் தூங்குங்கள். அது கிடைக்காவிட்டால் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியேறுங்கள். நிர்ப்பந்த வேளையில் தடுக்கப்பட்டதும் ஆகுமாகும் என்பது பிக்ஹின் அடிப்படை விதி. உயிரைக் காப்பது கடமை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் சிலர் அறையிலேயே அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள், சாம்பிராணி போடுகிறார்கள். மணி ஒலிக்காதிருக்க, கூரையிலுள்ள புகை உணர்கருவியைப் பொலித்தீனால் மூடுவோரும் உண்டு. 1997 ஏப்ரலில் மினாவில் கூடாரங்கள் எரிந்து 300க்கும் அதிகமான ஹாஜிகள் மரணித்தார்கள். அதன்பிறகே தீப்பிடிக்காத கூடாரங்கள் வந்தன. பக்கத்து அறையில் உறங்குபவரின் உயிர் நம்மிடமுள்ள அமானிதம். ஒரு கோப்பைத் தேநீருக்காக அதைப் பணயம் வைப்பது அடியார்களின் ஹக்கில் கைவைப்பதாகும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பது நபிவழி. கதவுகளை எண்ணிவிட்டு, தூங்கும்போது ஓதும் துஆவையும் ஓதிப் படுங்கள். நம் ஸபர்களை அல்லாஹ் ஸலாமத்தாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.