தடுப்புச் சுவரில் ஒரு குழாய்

திண்டுக்கல்லில் வானம் தோண்டினால் பெரும்பாலும் சில அடியிலேயே செம்மண் முடிந்து சுக்காம்பாறை தட்டும். சில மனைகளில் அதற்கும் முன்பே கடப்பாரை எகிறும். அதனால் இங்கே நாங்கள் ஆழத்துக்குப் பைல் தூண் இறக்குவது அபூர்வம். ஃபுட்டிங் போட்டுத் தூண் எழுப்பிவிடுகிறோம். அஸ்திவாரத்தில் குழாய் பதித்து மண்ணின் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவரும் முறையோ, இதற்கு நேர்மாறான மண்ணில் வளர்ந்தது.

1980களில் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அது வேரூன்றியது. சூரிச் விமான நிலையத்தின் ஒரு முனையம் இளகிய ஏரிப் படிவின்மேல் நிற்கிறது. பாரம் தாங்க எப்படியும் 30 மீட்டர் அளவுக்குப் பைல் வேண்டும். அப்படிப் போட்ட 440 பைல்களில் 300க்கும் மேற்பட்டவற்றில், கம்பிக் கூட்டோடு பிளாஸ்டிக் குழாயையும் கட்டி கான்கிரீட் ஊற்றினார்கள். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் மண்ணிலிருந்து வாங்கிவரும் சூட்டை ஹீட் பம்ப் உயர்த்தி அறைக்குத் தருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். கோடையில் கட்டடத்தின் சூடு மண்ணுக்கே திரும்புகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் முறையின் உயிர்.

நம் சமவெளியில் கொடுக்கத்தான் சூடு உண்டு, வாங்க ஆளில்லை. பத்து மீட்டருக்குக் கீழே நிலத்தின் வெப்பம் ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். இங்கே சுமார் 28 டிகிரி. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் சித்திரை மதியத்தில் குளுமையாகவும் படுவது அதனால்தான். ஏசியின் சூட்டை 40 டிகிரி காற்றில் தள்ளுவதைவிட இந்தப் பாறைக்குள் தள்ளுவது லாபம். ஆனால் தள்ளிக்கொண்டே இருந்தால் அடிநிலம் வருடத்துக்கு வருடம் சூடேறும். நாளெல்லாம் வெந்நீர் தேவைப்படும் மருத்துவமனைக்கோ விடுதிக்கோ கணக்கு வேறு. சாதாரண வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கொடைக்கானலுக்குச் செய்வேன். ஏறத்தாழ 7,000 அடி உயரம். ஆண்டுச் சராசரி 15 டிகிரிக்குப் பக்கம். ஜனவரி இரவில் வெளிக்காற்று அதற்கும் வெகுவாகக் கீழே இறங்கும்போது ரூம் ஹீட்டரும் விறகும்தான் துணை. பைல் அங்கேயும் வேண்டியதில்லை. ஆனால் சரிவில் கட்டும் வீட்டுக்குத் தடுப்புச் சுவர் இல்லாமல் தீராது. அதன் முதுகு முழுக்க ஈரமண். ஈரமண் சூட்டை நன்றாகக் கடத்தும். மேலாக இருக்கும் மண் என்பதால், நாம் எடுத்த சூட்டை வெயிலும் மழைநீரும் மீட்டுத் தந்துவிடும். ஐரோப்பாவில் மண் தாங்கும் சுவர்களிலும் இதே குழாயை ஓட்டுகிறார்கள். நம் மலைவீடுகளில் சுவருக்கான செலவு எப்படியும் ஆகிறது. கூடுதலாக ஆவது குழாயும் வெப்பத்தடுப்புப் பலகையும் ஹீட் பம்பும்தான்.

கம்பி வேலையில் மட்டும் பொறுமை வேண்டும். குழாயை மண் பக்கத்துக் கம்பியோடு, கூட்டின் உள்புறமாகக் கட்ட வேண்டும். முன்முகத்தில் வெப்பத்தடுப்புப் பலகை வைக்காவிட்டால் மண்ணில் வாங்கியது காற்றில் போய்விடும். கான்கிரீட் போடும்போது குழாய்க்குள் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்க வேண்டும்: குழாய் நசுங்காது, எங்கேனும் கசிந்தால் கேஜ் முள் உடனே இறங்கிக் காட்டும். முள் இறங்கினால் வைப்ரேட்டரை நிறுத்திவிட்டுக் கசிவைத் தேட வேண்டும். கான்கிரீட் இறுகிய பிறகு அந்தக் குழாயை எட்ட வழியில்லை.