உப்புக் காற்றும் கியர் கம்பியும்

திருகோணமலை உட்துறைமுகத்தைச் சுற்றியும் கொட்டியாரக் குடாவின் கரையோரமாகவும் ஓடும் கியர் சைக்கிள்களில், கியர் கரடுமுரடாக மாறுவதற்கான காரணம் பெரும்பாலும் திருகாணிகளில் இருப்பதில்லை. கைப்பிடியிலிருந்து பின்சில்லு வரை செல்லும் மெல்லிய கம்பியின் உறைக்குள்ளேயே அது ஒளிந்திருக்கிறது. ஆகவே திருத்துபவர் திருகாணியில் கைவைக்கும் முன், பழுது எந்தத் திசையில் தோன்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிமானோ நிறுவனம் 1984இல் அறிமுகப்படுத்திய இன்டெக்ஸ் முறையில், நெம்புகோலின் ஒவ்வொரு ‘க்ளிக்’கும் கம்பியைக் குறித்த அளவு மட்டுமே இழுக்கிறது. அந்நிறுவனத்தின் 8 பற்சில்லு அமைப்பில் கம்பி ஏறத்தாழ 2.8 மில்லிமீற்றர் நகர, செயினை ஒரு பற்சில்லிலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் டிரெய்லர் ஏறத்தாழ 4.8 மில்லிமீற்றர் நகர்கிறது. பெரிய பற்சில்லுக்கு ஏறும்போது கைவிசை கம்பியை இழுக்கிறது. சிறியதற்கு இறங்கும்போதோ டிரெய்லரின் சுருள்வில் மட்டுமே அதைப் பின்னிழுக்க வேண்டியிருக்கிறது.

பழுதைப் பிரித்தறிய இந்த வேறுபாடே துணைசெய்கிறது. ஏற்றம் சீராக இருந்து இறக்கம் தாமதித்தால், உறைக்குள் உராய்வு கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். இறக்கம் இலகுவாக இருந்து ஏற்றம் தயங்கினால், கம்பியின் இழுவிசை தளர்ந்திருக்கிறது. ஒரு முனைப் பற்சில்லுகளில் ஒழுங்காகவும் மறுமுனையில் இரைச்சலோடும் ஓடினால், டிரெய்லரைச் சட்டகத்தோடு பிணைக்கும் ஹேங்கர் எனும் காது வளைந்திருக்கக்கூடும்.

கடலோரத்தில் முதல் வகைப் பழுதே மிகுதி. கடலுப்பிலுள்ள மகனீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், மழையில்லாத நாளிலும் இரும்பு முழுதாக உலர்வதில்லை. வடகீழ்ப் பருவமழையில் நீரும், கச்சான் காற்றில் மணற்தூளும் அதனோடு சேர்கின்றன. பின்சில்லருகே வளைந்து இறங்கும் கடைசி உறைத்துண்டே இவையெல்லாம் தேங்கும் இடம். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில், நெடுநாள் மூலையில் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தபோது, ஓடாத வண்டியின் கம்பியும் துருவுக்குத் தப்பாது என்பது தெளிவாயிற்று.

அந்தக் கடைசி உறைத்துண்டைச் சோதிக்க, செயினைப் பெரிய பற்சில்லில் ஏற்றி, மிதிக்காமல் நெம்புகோலைச் சிறிய பற்சில்லுக்குரிய நிலைக்கு விட்டால் கம்பி தளரும். பிளவுள்ள தாங்கியிலிருந்து உறையைக் கழற்றிப் பின்னே நகர்த்தினால், மறைந்திருந்த கம்பியில் பழுப்புத் தூளோ பிசுபிசுத்த கரியோ தென்படும். அழுக்கு மட்டுமெனில் துடைத்து மெல்லிய எண்ணெயிட்டால் போதும். துருவோ அறுந்த இழையோ கண்டால், துருப்பிடியாத உருக்குக் கம்பியையும் புதிய கியர் உறையையும் இடவேண்டும். பிரேக்குக்குரிய சுருள்கம்பி உறை அழுத்தத்தில் சுருங்குவதால் இங்கு உதவாது.

அதன்பின்பும் ஏற்றம் தயங்கினால் மட்டுமே, டிரெய்லரருகே உள்ள இழுவிசைச் சீராக்கியை இடஞ்சுழியாகக் கால் சுற்று அளவில் திருகிப் பார்ப்பது தகும். உராய்வு இருக்கையிலேயே இழுவிசையைக் கூட்டினால் இறக்கம் மேலும் கெடும். குறைத்தால் ஏற்றம் கெடும். திருத்துபவர் இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருப்பார். துறைமுக நகரத்துக் கைவினைஞர் காக்கவேண்டிய வரிசை இதுவே: கவனித்தல், துப்புரவாக்கல், அதன்பின் முறுக்குதல். நிலாவெளி மணலிலிருந்து திரும்பிய அன்றே நன்னீரால் மெதுவாகக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடும் வழக்கம் இருந்தால் அவ்வரிசையின் மூன்றாம் படி அரிதாகவே தேவைப்படும்.