வெள்ளத்தில் நனைந்த ஸ்டீரியோ

ஏரல் என்றதும் பலருக்கு சேர்மன் அருணாசல சுவாமி கோயில் ஞாபகம் வரும். கொஞ்சம் வயதானவர்களுக்குப் பித்தளைப் பாத்திரக் கடைகள். 2023 டிசம்பருக்குப் பிறகு எல்லோருக்கும் வெள்ளம்தான். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை! தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அதைவிடக் குறைவு. தாமிரபரணி கடைத்தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது.

பைக் போனது, ஃபிரிட்ஜ் போனது, அரிசி மூட்டை போனது பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இது ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டியின் கதை.

பெட்டிகளுக்குச் சொந்தக்காரர் ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். அவருடைய அண்ணன் 1983-இல் துபாயிலிருந்து வந்தபோது கொண்டுவந்த ஜப்பான் செட். அந்தக் காலத்தில் வெளிநாட்டு சாமான் மேல் இருந்த வரியைப் பார்த்தால், வளைகுடாவில் சொந்தக்காரர் இல்லாதவர்கள் இதையெல்லாம் கடை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். ஸ்டீரியோவில் பதிவான 'பிரியா' (1978) கேசட்டைப் போட்டு, தெருவே வாசலில் நின்று கேட்டதாம். அண்ணன் இப்போது இல்லை. பெட்டி மட்டும் இருந்தது, வெள்ளம் வரும்வரை.

தண்ணீர் வடிந்து மூன்று வாரம் கழித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைத்தெரு ரேடியோ மெக்கானிக்கிடம் போனார். அந்த மெக்கானிக் வாத்தியாரிடம் படித்து, கணக்கில் அடி வாங்கியவர்.

"சார், இதுக்கு ஆகுற செலவுல புதுசா ப்ளூடூத் பெட்டியே வாங்கிரலாம்."

"ஏல, அதையா எங்க அண்ணன் வாங்கிட்டு வந்தான்? நீ திறந்து பாருல."

திறந்தார். வலது பெட்டி தரையில் இருந்தது, முழுக்க நனைந்துவிட்டது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, தண்ணீர் பட்டதும் ஊறவைத்த ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. ஊஃபரின் கோனை இரண்டு கை விரல்களாலும் மெதுவாக உள்ளே அழுத்தினால் 'கரக் கரக்' என்று சத்தம். வாய்ஸ் காயில் ஓடும் இடைவெளிக்குள் வண்டல் புகுந்திருக்கிறது. இடது பெட்டி ஸ்டூல் மேல் இருந்ததால் ஈரம்கூடப் படவில்லை.

ஆனால் அந்த ஈரம் படாத பெட்டியிலும் ஊஃபரைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம், தொட்டதும் கறுப்புப் பொடியாகக் கொட்டியது. இது வெள்ளத்தின் வேலை இல்லை. பாலியூரித்தேன் ஃபோம் பத்து, இருபது வருஷத்தில் ஈரக்காற்றிலேயே மக்கிவிடும். (ரப்பர், துணி வளையங்களுக்கு ஆயுசு அதிகம்.) அது மக்கினால் முதலில் போவது கீழ்ஸ்தாயி. ஒரேயடியாகப் போகாது, வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். "பேஸ் கேக்கலைன்னு ரொம்ப நாளா தோணிச்சு. வயசாயிட்டு, காது போச்சுன்னு நெனச்சேன்" என்றார் வாத்தியார்.

இந்த வகை மூடிய பெட்டிக்கு ஒரு முன்னோர் உண்டு. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-இல் ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினால், சின்னப் பெட்டியிலும் ஆழமான பேஸ் வரும் என்பது அவருடைய யோசனை. மேடையில் நால்வர் வாசிப்பார்கள், நடுவில் சத்தமில்லாமல் ஸ்பீக்கருக்கு மாற்றிவிடுவார்கள், எது நிஜம் எது பதிவு என்று கண்டுபிடிக்க ஆடியன்ஸ் திணறும். இப்படியெல்லாம் நடத்திக் காட்டினார்கள். 1967-இல் கம்பெனியை விற்றுவிட்டு வில்ச்சர் போனது, காது கேட்கும் கருவி ஆராய்ச்சிக்கு!

உள்ளே இருக்கும் காற்றுதான் ஸ்பிரிங் என்பதால் மெக்கானிக் தச்சரிடம் கறாராகச் சொன்னார்: வெளி அளவு எப்படி வேண்டுமானாலும் வரட்டும், உள் அளவு மாறக்கூடாது. புதுப் பெட்டி பிளைவுட்டில். வலது ஊஃபரைக் கழற்றி, நடுவில் இருக்கும் மூடியை வெட்டியெடுத்து, ஒட்டும் டேப்பைக் குச்சியில் சுற்றி வண்டலைத் துடைத்து எடுக்கவே இரண்டு நாள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கீற்றுகளாக வெட்டிக் காயிலைச் சுற்றிச் செருகி, கோனை நடுவில் நிறுத்தி, புது ஃபோமை ஒட்டி ஒரு ராத்திரி காயவிட்டார். கிராஸ்ஓவரில் பழைய கண்டன்சர்கள் அளவு மாறியிருந்தன, அவற்றையும் மாற்றினார். மல்டிமீட்டரில் 6 ஓம் சொச்சம் காட்டியது. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கருக்கு அதுதான் சரி, பதறவேண்டாம்.

மொத்தம் 4,600 ரூபாய். பி.காம். படிப்பவர்கள் தேய்மானம் கணக்கிட்டுப் பாருங்கள். நேர்க்கோட்டு முறையில் இந்தப் பெட்டியின் மதிப்பு எப்போதோ பூஜ்யம். குறைந்துசெல் இருப்பு முறையில் எத்தனை வருஷம் போனாலும் பூஜ்யம் ஆகாது, ஏதோ சில ரூபாய் நின்றுகொண்டே இருக்கும். வாத்தியார் இரண்டாவது கட்சி. பேரம் பேசாமல் கொடுத்தார்.

மெக்கானிக்கே வீட்டுக்கு வந்து மாட்டினார். ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார், இரண்டு கோனும் வெளிப்பக்கமே துள்ளின. ஒன்று உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரு பழைய மோனோ பாட்டு. மோனோவில் இரண்டு பெட்டிக்கும் ஒரே சத்தம்தான் போகும், ஆகவே பாடுகிறவரின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், காற்றில் நிற்க வேண்டும்.

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். "பேஸ் வந்துட்டுல!" என்று முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில், "ஆனா குரல் இடது பக்கமா நிக்கி. வலது பெட்டி சரியாகலை."

மெக்கானிக் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்தார். கோளாறு பெட்டியில் என்றால் குரல் இப்போது வலது பக்கம் சாய வேண்டும். சாயவில்லை, இடதிலேயே நின்றது. ஆம்ப்ளிஃபயரில் வயரையும் மாற்றிப் பார்த்தார். அப்போதும் இடதுதான். கடைசியில் வாத்தியாரை எழுப்பிவிட்டு, தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் நட்டநடுவில் நின்றது.

ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பெட்டியைக் காட்டி ஏதாவது சொல்லியிருக்கலாம், வாத்தியாரும் நம்பியிருப்பார்.

"சார்... பெட்டி நல்லாத்தான் இருக்கு. வலது காதை ஒருக்க டாக்டர்ட்ட காட்டிருங்க."

வாத்தியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுவரைக்கும்?" என்றார்.

மெக்கானிக் நாற்காலியை ஒரு சாண் வலது பக்கம் தள்ளினார். "இப்ப உக்காருங்க." இன்னும் கொஞ்சம். இன்னும் நாலு விரல். "ம்... இப்ப நடுவுல வந்துட்டு" என்றார் வாத்தியார், கண்ணை மூடிக்கொண்டே. மெக்கானிக் அலமாரியிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்து, நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் வட்டம் போட்டார்.